துணி வேண்டாம் என்றார்கள். அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது?

வாசகர் கேள்வி:

நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். 2017இல் ஹார்வி ஹரிக்கேன் வந்தபோது ஊருக்குப் புதிது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, இரண்டு தெரு தள்ளி இடுப்பளவு நின்றது. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து துணிமணி, போர்வை, பொம்மை என்று பை பையாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம். முகாமில் 'துணி வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனசு விட்டுப்போயிற்று. 2024இல் பெரில் வந்தபோது எங்களுக்கே கரண்ட் இல்லை, யாருக்கும் எதுவும் செய்யவில்லை. எங்களுக்குப் படகு ஓட்டத் தெரியாது, நாங்கள் டாக்டர்களும் இல்லை. இருவருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள், எச்-1பி விசா. அடுத்த முறை எங்களைப் போன்ற சாதாரண மக்கள் உருப்படியாக என்ன செய்யலாம்? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடும்படியாகச் சொல்லுங்கள்.

– கேட்டி, டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தத் துணிப் பைகளைப் பற்றிப் பேசிவிடுவோம். இத்தனை வருஷம் கழித்தும் உங்களுக்கு உறுத்திக்கொண்டிருப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. வாசலில் நின்றவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் அது தவறு. துணி வேண்டாம் என்றது சரிதான். ஹார்வியின்போது ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் ஐயாயிரம் பேர் வருவார்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் பத்தாயிரத்தை எட்டினார்கள். அந்த மாதிரி இடத்துக்கு ஒரு பை துணி வந்தால் யாராவது அதை அவிழ்க்க வேண்டும். ஆண், பெண், குழந்தை என்று பிரிக்க வேண்டும், அளவு பார்க்க வேண்டும், கிழிசலை ஒதுக்க வேண்டும், அடுக்க இடம் தேட வேண்டும். அந்த ஆள் அந்த நேரத்தில் கைக்குழந்தைக்காரிக்குப் பால்பவுடர் தேடிக்கொண்டிருப்பார். ஆகஸ்டு மாத டெக்சாஸ் வெக்கையில் கம்பளிக் கோட்டுகள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்து, கடைசியில் குப்பை லாரியில்தான் போயின. அதை அள்ளிக் கொட்டவும் செலவு.

கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்த முகாமோ அமைப்போ அன்றைக்குப் போட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள், நாளுக்கு நாள் மாறும். பெரும்பாலும் அதில் இருப்பது புத்தம்புது உள்ளாடை, சாக்ஸ், பெரியவர்களுக்கான டயப்பர், நாப்கின், கனமான கறுப்புக் குப்பைப் பை. பட்டியலில் பல நேரம் விட்டுப்போவது ஒன்று உண்டு: மருந்துக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் வாசிப்புக் கண்ணாடி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த வயதானவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். மறுநாளே அவர்கள் முன்னால் படிவங்களை நீட்டுவார்கள்.

பணம் கொடுப்பது நம்மவர்கள் பலருக்குக் கை கழுவுகிற வேலையாகத் தோன்றுகிறது, கையால் ஏதாவது எடுத்துக் கொடுத்தால்தான் திருப்தி. ஆனால் முதல் பத்து நாளுக்குப் பணத்தைவிட நல்ல உதவி எனக்குத் தெரியவில்லை. ஹூஸ்டன் ஃபுட் பேங்க், செஞ்சிலுவைச் சங்கம், ஹார்வியில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சேர்ந்து உழைத்த சேவா இன்டர்நேஷனல் – இவற்றில் உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஒன்றுக்குக் கொடுங்கள். உங்கள் கம்பெனி அதே தொகையைத் தன் பங்காகப் போடுமா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். பெரிய கம்பெனிகள் பலவும் போடும், கேட்பவர்கள்தான் குறைவு.

இனி நான் சொல்ல வந்த விஷயம். என் வேலை, புயல் பாதித்த குடும்பங்களுடன் கூடவே நடந்து அவர்களைத் திரும்ப வீட்டில் குடியேற்றுவது. டி.வி. வண்டிகள் ஊரைவிட்டுப் போன பிறகுதான் எங்கள் வேலை சூடு பிடிக்கும். முதல் சனிக்கிழமை ஒரு தெருவில் நிற்க இடமில்லாத அளவுக்குத் தொண்டர்கள் வருவார்கள். மூன்றாவது மாதம் அதே தெருவில் நாய்கூட எட்டிப் பார்க்காது. ஆனால் சுவர் இல்லாத வீட்டில் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்துக்கொண்டு, எந்த அலுவலகத்துக்கு எதை அனுப்புவது என்று தெரியாமல் ஆட்கள் அங்கேயேதான் இருப்பார்கள். ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான்: ஊர் முழுக்க ஓடாதீர்கள். உங்கள் குழுவில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட ஒரே ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொந்தச் சமையலறையில் அடுப்பு ஏற்றும்வரை விடாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள் என்று உங்கள் நிலைமையைச் சொன்னீர்களே, அதற்குப் பொருந்துகிற உதவியும் இதுதான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், ஆனால் ஒரு வருஷம் வேண்டும்.

புயல் ஓய்ந்த முதல் இரண்டு நாள் உங்கள் தெருவைத் தாண்ட வேண்டாம். தண்ணீரில் காரை விடாதீர்கள். ஓரடி ஓடுகிற நீர் சிறிய காரை நகர்த்திவிடும், இரண்டடி பெரிய எஸ்.யு.வி.யையும் அடித்துக்கொண்டு போகும். ஹார்வியில் லூசியானாவிலிருந்து சொந்தப் படகோடு வந்த 'கேஜன் நேவி' என்ற தன்னார்வலர்களைப் பார்த்து நமக்கும் கை துறுதுறுக்கும். அவர்கள் சதுப்பு நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தண்ணீர் தெரியாதவர் போனால் அவரைக் காப்பாற்ற இன்னொரு படகு வர வேண்டியிருக்கும்.

உங்கள் தெருவுக்குள்ளேயே வேலை இருக்கிறது. பெரிலில் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலை 8ஆம் தேதி அது கரையைக் கடந்தபோது ஹரிக்கேன் வரிசையில் மிகக் குறைந்த முதல் பிரிவுதான். ஆனால் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, பல வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் வரவில்லை. காற்று நின்ற பிறகு, அந்த வெக்கையில் மூடிய வீட்டுக்குள் இருந்த முதியவர்கள் இறந்தார்கள். கதவைத் தட்டி 'எப்படி இருக்கிறீர்கள், தண்ணீர் இருக்கிறதா' என்று கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவர்களில் சிலராவது பிழைத்திருப்பார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தனியாக இருக்கும் பெரியவர்கள், ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள் – இவர்கள் எந்தக் கதவுக்குள் இருக்கிறார்கள் என்பதை இப்போதே, மழைக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியும், எதிர்வீட்டு மெக்சிகன் தாத்தாவும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். நம் குழுவில் இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

ஜெனரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, இதைக் குழுவில் தனியாகவே போடுங்கள். 2020இல் லோரா ஹரிக்கேன் லூசியானாவில் கரையேறிய பிறகு பலர் செத்தது ஜெனரேட்டர் புகையில். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கராஜுக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பது கொலைக்குச் சமம். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே வைக்க வேண்டும், புகைக்குழல் வீட்டுக்கு எதிர்த் திசையில் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று ஜெனரேட்டர் சத்தம் கேட்கிற எந்த வீட்டுக்காவது இரவல்.

தண்ணீர் வடிந்ததும் பெரிய வேலை தொடங்கும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண ஆள் கையால் செய்யக்கூடியதில் இதற்கு மேல் பயனுள்ளது இல்லை. நூறு பேர் வந்தாலும் முறை தெரியாமல் செய்தால் அந்த வீட்டுக்காரருக்கு நஷ்டமும் உண்டு.

இங்கே வீட்டுச் சுவர் என்பது செங்கல் இல்லை. மரச்சட்டம், அதன் மேல் ஷீட்ராக் என்கிற ஜிப்சம் பலகை, நடுவில் இன்சுலேஷன் என்கிற, சூட்டைத் தடுக்கும் பஞ்சு. தண்ணீர் ஓரடிதான் ஏறியிருக்கும். ஆனால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இன்சுலேஷன் அதை மேலே மேலே இழுத்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே இரண்டே நாளில் பூஞ்சை தொடங்கிவிடும். அதனால் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இரண்டடி வரை ஷீட்ராக்கை வெட்டி எடுக்க வேண்டும். சுவரில் பலகையைப் படுக்கவாட்டில்தான் அடிப்பார்கள், அதன் அகலம் நான்கடி. ஆகவே நான்கடியில் நேர்கோடாக வெட்டினால் புதுப் பலகை அப்படியே பொருந்தும், பிறகு கூலி மிச்சம்.

ஆனால் கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால் கேமராவை எடுங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் பிடிக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து ஒரு படம். குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின், ஏ.சி. எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைப் படம். கம்பளத்திலும் ஷீட்ராக்கிலும் கையகலத் துண்டு வெட்டி, ஜிப் பையில் போட்டு, எந்த அறை என்று எழுதி வையுங்கள். இன்ஷூரன்ஸ் ஆள் வரும்போது வீட்டில் காட்ட வேறு எதுவும் மிஞ்சியிருக்காது. நல்ல மனசோடு வந்த தொண்டர்கள் ஒரே பகலில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய், ஒரு படம்கூட இல்லாமல் அந்தக் குடும்பம் காப்பீட்டுக்காரரிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

நீளக் கை, நீளக் கால் உடுப்பு, தடித்த கையுறை, அடி தடித்த பூட்ஸ், என்-95 முகமூடி, கண்ணில் தூசு படாமல் காக்கும் கண்ணாடி. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு போங்கள். 1978க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய தரை ஓட்டில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அங்கே விவரம் தெரிந்த அமைப்பில்லாமல் கை வைக்காதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க வேண்டாம். டேப் போட்டு இறுக்கிக் கட்டி அப்படியே வெளியே தள்ளுங்கள். பிளீச்சையும் அமோனியா உள்ள எதையும் கலக்கவே கூடாது. தெருவோரத்தில் குவிக்கும்போது மரக்கிளை தனி, ஷீட்ராக் போன்ற கட்டடக் குப்பை தனி, மின் சாதனம் தனி, பெயின்ட்டும் மருந்தும் தனி. கலந்து குவித்தால் நகராட்சி லாரி எடுக்காமல் போய்விடும்.

எல்லாவற்றையும் உரித்த பிறகு வீட்டுக்காரர்கள் அவசரப்படுவார்கள், எப்படியாவது சுவரை மூடிவிட வேண்டும் என்று. அங்கேதான் உங்கள் உதவி வேண்டும். மரச்சட்டம் காய வேண்டும், கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஈரமானி என்று சிறு கருவி, இரண்டு ஊசி முனை உள்ளது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 15 விழுக்காட்டுக்குக் கீழே காட்டும்வரை மூட வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லுங்கள். உங்கள் குழு பொதுவில் ஒரு ஈரமானியும் நாலு பெரிய விசிறியும் வாங்கி வைத்தால் பத்து வீடு பயன்படுத்தலாம்.

இதையெல்லாம் தனியாகப் போய்ச் செய்ய வேண்டியதில்லை. டீம் ரூபிகன், சதர்ன் பாப்டிஸ்ட் தொண்டர்கள் போன்றவர்கள் இந்த வேலையில் பழுத்தவர்கள். அவர்களோடு ஒரு சனிக்கிழமை நின்றால் கற்றுக்கொள்வீர்கள். மதம் பார்த்துத் தயங்காதீர்கள், சேறு அள்ளும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் க்ரைசிஸ் க்ளீனப் தொலைபேசியில் பதிவு செய்தால் எந்த அமைப்புக்கு ஆள் இருக்கிறதோ அது அந்த வீட்டை எடுத்துக்கொள்ளும். பதிவு செய்ய வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது, நீங்கள் செய்து கொடுக்கலாம்.

தொண்டு வேலைக்குப் போகும் இடத்தில் வருகைத் தாள் இருந்தால் கட்டாயம் கையெழுத்துப் போடுங்கள், வந்த நேரம், போன நேரத்தோடு. விளம்பரத்துக்காகவா வந்தோம் என்று நம்மவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். விஷயம் வேறு. புயலுக்குப் பிறகு உள்ளூர் நிர்வாகம் செய்யும் செலவில் மத்தியப் பேரிடர் அமைப்பான ஃபீமா பொதுவாக 75 விழுக்காடு கொடுக்கும். மீதியை உள்ளூரும் மாநிலமும் போட வேண்டும். தொண்டர்கள் உழைத்த மணி நேரத்துக்கு மதிப்புப் போட்டு அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள விதி இருக்கிறது, முறையாக எழுதி வைத்திருந்தால். எந்த வேலை அதில் சேரும் என்பதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் போடும் கையெழுத்து ஒரு சின்ன ஊருக்குப் பணம்.

சாப்பாடு கொடுக்கிறோம் என்று கட்டாயம் யாராவது குழுவில் சொல்வார்கள். நல்லதுதான், நமக்குக் கைவந்த கலை. தயிர் சாதம் மட்டும் வேண்டாம், அந்த வெயிலில் காரிலேயே புளித்துவிடும். புளியோதரை, எலுமிச்சை சாதம் தாங்கும். ஆனால் நம் காரம் பழகாதவர்களுக்கு எதிர்பாராத வேதனை. அவர்களிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டுவிடுங்கள். சுவர் உரிக்கும் ஆட்களுக்கு நண்பகலில் வேண்டியது உறைந்த தண்ணீர் பாட்டிலும் உப்பு சேர்ந்த ஏதாவது நொறுக்குத் தீனியும்தான்.

இப்போது காகிதம். உங்களைப் போன்ற கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களிடம் நான் எதிர்பார்க்கும் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது.

ஹார்விக்குப் பிறகு வடகிழக்கு ஹூஸ்டனில் ஒரு கறுப்பினப் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். ஃபீமாவிடமிருந்து வந்த கடிதத்தை ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் சுவர் ஆணியில் குத்தி வைத்திருந்தார். 'தகுதி இல்லை' என்று போட்டிருந்தது. கடைசித் தீர்ப்பு என்று நினைத்து விட்டுவிட்டார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினால், சொந்த வீடு என்பதற்கு ஆதாரம் வரவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறது. வீடு அவருடைய அம்மா பெயரில் இருந்தது. அம்மா போய்ப் பல வருஷம் ஆகியும் பத்திரம் மாற்றவில்லை. அவரேதான் வீட்டு வரி கட்டி வந்தார், ரசீதுகள் வெள்ளத்தில் போய்விட்டன. அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவில் அக்கவுண்டன்ட் வேலை பார்க்கும் ஒரு பெண் மாலை நேரங்களில் லேப்டாப்போடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கவுண்டி இணையதளத்திலிருந்து வரி செலுத்திய பதிவுகளை எடுத்தார், தாயின் இறப்புச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டார், தொலைபேசியில் காத்திருப்பு இசையைப் பாட்டிக்குப் பதிலாகத் தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் செய்ததற்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. பொறுமை தேவைப்பட்டது, ஒரு ஸ்கேனர் தேவைப்பட்டது.

அந்தப் பாட்டியைப் போல வாரிசு வீட்டில் இருப்பவர்களுக்கு 2021க்குப் பிறகு ஃபீமா விதியைத் தளர்த்தியிருக்கிறது. வேறு ஆவணம் கிடைக்காதபோது தாங்களே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் ஏற்கிறார்கள். இதைத் தெரியாமல் இன்னும் எத்தனையோ பேர் முதல் கடிதத்தோடு ஓய்ந்துபோகிறார்கள். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது: பேரிடர் அறிவிப்பு வந்ததிலிருந்து பதிவு செய்ய வழக்கமாக 60 நாள். மறுப்புக் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து மேல்முறையீட்டுக்கும் 60 நாள். மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்: காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம் இணைக்கவில்லை, பெயர் எழுத்து மாறியிருக்கிறது, ஆய்வாளர் வந்தபோது போன் எடுக்கவில்லை. நீங்கள் பிடித்துக்கொண்ட அந்த ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு போடுங்கள். வந்த கடிதம், பேசிய தேதி, பேசியவர் சொன்னது, பதிவு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அவர்களுடைய கடவுச்சொல்லை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அவர்களே தட்டச்சு செய்யட்டும்.

வீடு கட்டித் தருகிறேன் என்று கதவைத் தட்டும் ஒப்பந்தக்காரர்களிடமும் நீங்கள் கூட நிற்க வேண்டும். டெக்சாஸில் பொதுக் கட்டட ஒப்பந்தக்காரருக்கு மாநில உரிமம் என்று ஒன்று கிடையாது. லாரி ஒன்றும் விசிட்டிங் கார்டு ஒன்றும் இருந்தால் யாரும் வந்து நிற்கலாம். முழுத் தொகையை முன்கூட்டியே கேட்டால் கொடுக்க விடாதீர்கள். ஃபீமா ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர். உண்மையான ஆய்வாளர் ஒரு காசும் வாங்கமாட்டார்.

வதந்தியும் அவ்வளவு ஆபத்து. 2024 செப்டம்பரில் ஹெலீன் ஹரிக்கேன் வட கரோலினா மலைப் பகுதியைச் சீரழித்தபோது, அரசு 750 டாலர் மட்டும்தான் தரும், அதுவும் கடன், கட்டாவிட்டால் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று பரவியது. அந்தத் தொகை உடனடிச் செலவுக்கான முதல் உதவி, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பயந்துபோய் விண்ணப்பிக்காமலே இருந்தவர்கள் உண்டு. உங்கள் குழுவில் ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். கவுண்டி, மாநிலம், தேசிய வானிலை மையம் இவற்றின் பக்கத்தில் இல்லாத எதையும் அவர் அனுமதிக்க வேண்டாம். 'வந்ததை அனுப்பினேன்' என்று சொல்கிற அண்ணன்மார்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆறு மாதம் போன பிறகு உதவி வேறு வடிவம் எடுக்கும். உள்ளூர்ச் சபைகளும் அமைப்புகளும் சேர்ந்து நீண்டகால மீட்புக் குழு என்று ஒன்று அமைத்திருப்பார்கள். 1950இலிருந்து இந்த வேலையில் இருக்கும், மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பேரிடர்ச் சேவைக்காரர்கள் போன்றவர்கள் அப்போதுதான் சுத்தியலோடு வந்து மாதக்கணக்கில் தங்கிக் கட்டுவார்கள். அவர்களுக்குப் பெயின்ட் அடிக்க, தரை ஒட்ட, சாமான் ஏற்றி இறக்க ஆள் தேவைப்படும். முதல் வாரத்திலேயே லீவை எல்லாம் தீர்த்துவிடாமல் இரண்டு நாளை அதற்கு மிச்சம் வையுங்கள்.

விசாவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். தொண்டு நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் சேவை செய்வதற்கு எச்-1பி தடையில்லை. கூலியாக எதுவும் வாங்காதீர்கள், பெட்ரோல் கார்டுகூட வேண்டாம். மனசுக்குள் சந்தேகம் இருந்தால் உங்கள் கம்பெனி வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இதைவிட முக்கியமான ஒன்றை நம்மவர்கள் பலர் தெரிந்து வைத்திருப்பதில்லை. நாளைக்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தால், எச்-1பி வேலை விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்கு ஃபீமாவின் பண உதவி கிடையாது. ஆனால் இங்கே பிறந்த, சமூகப் பாதுகாப்பு எண் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். முகாம், தண்ணீர், சாப்பாடு போன்ற அவசர உதவிகளுக்கு யாரிடமும் விசா கேட்பதில்லை. உங்கள் குழுவில் மாணவர்கள் இருந்தால் இதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பயத்தில் முகாமுக்கே போகாமல் இருந்துவிடுவார்கள்.

குழுவில் இப்போதே செய்ய வேண்டிய ஒன்று மீதியிருக்கிறது. ஹார்வியில் உங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வந்தது பார்க்கர் நீர்த்தேக்கம் பின்னோக்கி நிரம்பியதால். அந்த வீடுகளில் பல அரசு வரைபடத்தில் வெள்ள அபாயப் பகுதியிலேயே இல்லை. அதனால் வங்கியும் வற்புறுத்தவில்லை, அவர்களும் வெள்ளக் காப்பீடு எடுக்கவில்லை. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது. அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையும் உள்ளே இருக்கும் சாமானுக்கு 1,00,000 டாலர் வரையும் தருகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும், புயல் வளைகுடாவில் சுழலத் தொடங்கிய பிறகு ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பயனில்லை. பருவம் ஜூன் 1இல் தொடங்குகிறது. உங்கள் குழுவில் யாருக்கெல்லாம் இந்தப் பாலிசி இல்லை என்று இந்த வாரமே கேட்டு எழுதுங்கள், இல்லாதவர்களை ஏப்ரல் முடிவதற்குள் எடுக்க வையுங்கள்.